தலைவர்களுக்குக் காது வேண்டும்

வியாபாரத்தில் தலைமை வகிப்பவர்களைப் பற்றி எழுத வந்தால், அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பற்றியே எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் உழைக்கிறார், கையில் பத்து ரூபாயோடு பட்டணம் வந்து சேர்ந்தார் என்றெல்லாம் படிக்கிறோம், படித்து வியக்கிறோம். அவர்களில் பலர் பிற்பாடு ஏன் சறுக்கி விழுந்தார்கள் என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. விழுந்தவரிடம் பேட்டி காணப் போகிறவர் யார்? ஆனால் ஒரு ஸ்தாபனம் நொடித்துப் போன பிறகு அதன் பழைய கதையைக் கிளறிப் பார்த்தால், தலைவருடைய திறமைக் குறைவு அங்கே அதிகமாகத் தென்படுவதில்லை. சிற்சில பழக்கங்களே தென்படுகின்றன. திறமை இல்லாதவர் தலைவராவது அபூர்வம். திறமையுள்ளவரைப் பழக்கம் கெடுப்பதோ வெகு சகஜம்.

மலைமேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு முதலாளிமார்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். கவலைக்குக் காரணம் இருக்கிறது.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள் உண்டு. நாடு என்றதும் ராஜ்யம் என்று எண்ணிவிட வேண்டாம். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுதிக்கு அந்தப் பெயர். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர்; கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. சாமை விதைக்கிறார்கள், புளி உலுக்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், கடுக்காய் பொறுக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் சரக்குகள் மலையிறங்கிப் போய், கீழேயுள்ள மண்டிகளில் பிறர் சொன்ன விலைக்கு விற்று வந்திருக்கின்றன. விலை சொல்லுகிறவர் ஒருவர், எடை போடுகிறவரும் அவரே, விதைப்பு நாளில் முன்பணம் கொடுத்தவரும் அவரே என்றால், விற்பவனுக்கு வாய் எங்கே இருக்கும்?

2003-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்த ஒரு சட்டத் திருத்தம் இந்த நிலைமைக்கு ஒரு மாற்று வழியைத் திறந்துவிட்டது. உழவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் 'உற்பத்தியாளர் கம்பெனி' என்று ஒன்றைப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து முதல் பதினைந்து டைரக்டர்கள் வரையில் இருக்கலாம். முழு நேரத் தலைமை நிர்வாகி ஒருவரை நியமித்தாக வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அங்கத்தினருக்கு ஓட்டு ஒன்றுதான். 2020-இல் மத்திய சர்க்கார், பதினாயிரம் உழவர் அமைப்புக்களை நாடெங்கும் ஏற்படுத்துவதென்று திட்டம் வகுத்தபோது, சமவெளியில் குறைந்தது 300 அங்கத்தினர் வேண்டும், மலைப் பிரதேசங்களில் 100 பேர் இருந்தால் போதும் என்று விதித்தார்கள். நிர்வாகச் செலவுக்காக அமைப்பு ஒன்றுக்கு மூன்று வருஷ காலத்தில் 18 லட்சம் ரூபாய் வரையில் உதவித் தொகை. இதே மலையில் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் கம்பெனி ஒன்று ஏற்பட்டிருக்கிறது.

ஆகவே, நேற்று வரையில் மண்டிக்காரர் சொன்ன விலைக்கு மூட்டையை இறக்கி வைத்தவர் இன்று டைரக்டராகலாம். நம்மிடம் படிக்கும் பையனுடைய தகப்பனார் ஒரு கம்பெனியின் தலைவராகக் கையெழுத்திடலாம். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் பதவி வரும்போது பதவியின் பழக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன. பெரிய பெரிய கனவான்களையே கவிழ்த்த பழக்கங்கள் அவை. நூறு குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட பங்குப் பணத்தோடு விளையாட அவற்றுக்கு இடம் கொடுக்கலாகாது.

முதலில் சென்னையில் நடந்த ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. அர்பத்நாட் கம்பெனி வியாபாரத்தோடு பாங்கித் தொழிலும் நடத்தி வந்தது. பென்ஷன் வாங்கியவர்கள், வக்கீல்கள், சிறு உத்தியோகஸ்தர்கள், விதவைகள் முதலானோர் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். எதை நம்பிப் போட்டார்கள்? ஐந்தொகையைப் பார்த்தா? இல்லை; பெயரைப் பார்த்து. அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சென்னையின் வெள்ளைக்காரப் பிரமுகர்களில் முதல் வரிசையில் இருந்தவர். அவரிடம் போய், "ஐயா, கணக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் துணிச்சல் எவருக்கு வரும்?

லண்டனில் இந்தக் கம்பெனியின் காரியங்களைக் கவனித்து வந்த பாட்ரிக் மக்பாடியன் என்ற பங்காளி பணத்தைப் பெரிய பேரங்களில் போட்டு இழந்துகொண்டே வந்தார். 1906, அக்டோபர் 20-ந் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாயின. பிறகு நடந்த வழக்கில் ஸர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்காகப் பாடுபட்ட வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதன் பயனாக மறு வருஷமே, அதாவது 1907 ஆகஸ்டு 15-ந் தேதி, இந்தியன் பாங்க் தொடங்கப்பட்டது.

ஸர் ஜார்ஜ் ஒன்றும் அறியாத அப்பாவி என்று நாம் வாதாடவில்லை. நியாயஸ்தலம் அப்படிக் கருதவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு மனிதரை யாரும் எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டால், அவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதை விட்டுவிடுகிறார். கெட்ட செய்தி முதலில் வரும்போது சிறியதாகத்தான் வருகிறது. அதை இன்றைக்குச் சொன்னால் மானம் போகும், அடுத்த வருஷம் லாபம் வந்ததும் சரிக்கட்டிவிடலாம் என்று மூடி வைக்கிறார். மூடி வைத்தது வளர்கிறது.

இந்தக் கதை நூறு வருஷத்துக்குப் பிறகு ஹைதராபாத்தில் திரும்பவும் நடந்தது. 'சத்யம்' என்று கம்பெனிக்குப் பெயர்! கம்ப்யூட்டர்த் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற ஸ்தாபனம். அதன் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ந் தேதி தம் டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய தொகையில் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கிடையவே கிடையாது என்று அதில் ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் சிறிய வித்தியாசமாக இருந்ததுதான் வருஷா வருஷம் பெருகிக்கொண்டு போயிற்றாம். புலி வாலைப் பிடித்தவன் கதை நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரியும். பெரிய கம்பெனித் தலைவர்களும் அதைக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மோசடி என்பது கடைசிப் படி. அவ்வளவு தூரம் இறங்காத யோக்கியர்களையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: எதிர்த்துச் சொல்பவனைப் பிடிக்காமற் போவது. இதற்கு அமெரிக்காவின் ஹென்ரி போர்டைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் அகப்படாது.

போர்டு 1908-இல் 'மாடல் டி' என்ற மோட்டாரைச் செய்தார். முதலில் 850 டாலருக்கு விற்ற வண்டியின் விலையைக் குறைத்துக் குறைத்து 300 டாலருக்கும் கீழே கொண்டு வந்தார். சாமானியனும் மோட்டாரில் ஏறலாம் என்று உலகத்துக்குக் காட்டிய பெருமை அவரைச் சேர்ந்தது. ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. அந்த வெற்றிதான் அவருக்குச் சத்துருவாக முளைத்தது. ஜனங்களின் ருசி மாறுகிறது, போட்டிக் கம்பெனிக்காரர்கள் நிறமும் சௌகரியமும் கூட்டி விற்கிறார்கள், நாமும் புது வண்டி செய்ய வேண்டும் என்று பெற்ற மகன் எட்ஸல் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. எட்ஸலின் சகலரும் கம்பெனியின் உயர்ந்த அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், 1926-இல் இதே விஷயத்தை வெகு பணிவாக ஒரு நீண்ட குறிப்பாக எழுதிப் போர்டிடம் கொடுத்தார். சில மாதங்களுக்குள் அவருக்கு உத்தியோகம் போயிற்று. அதற்கு ஐந்து வருஷம் முன்பே வில்லியம் நட்ஸன் என்ற கெட்டிக்கார அதிகாரி போர்டோடு ஒத்துப்போக முடியாமல் விலகியிருந்தார். அவர் எங்கே போனார்? எதிராளியான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து 'ஷெவர்லே' வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். 1927 மே மாதம் போர்டு வேறு வழியின்றி மாடல் டியை நிறுத்தினார். புது வண்டி தயாராகும் வரையில் தொழிற்சாலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த வருஷம் ஷெவர்லே முந்திக்கொண்டது.

கான்ஸ்லர் போனதால் போர்டுக்கு நஷ்டமானது ஒரு மனிதர் மட்டுமல்ல. அவர் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அதிகாரிகளின் வாயும் அன்றே அடைபட்டிருக்கும். ஒருவனைத் தண்டித்தால் நூறு பேர் மௌனிகளாவார்கள். அந்த மௌனத்தைத் தலைவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

உபாத்தியாயர் தொழிலில் இது தினசரி அனுபவம். பாடம் நடத்திவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிந்தது, ஸார்!" என்று கூவும். ஒருவனுக்கும் புரிந்திராது. "என்ன புரிந்தது? நீ சொல்லு" என்று கடைசி பெஞ்சியைக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். கம்பெனிக் கூட்டங்களிலும் தலைவர், "எல்லாம் சரிதானே?" என்று கேட்டால், "சரிதான்" என்ற பதிலே வரும். அந்தக் கேள்வியில் பதிலும் அடங்கியிருக்கிறது. தலைவர் தம் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவர்களைக் கேட்பதும் இதே ரகந்தான். அவர் பேசிவிட்ட பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

நமக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'பார்க்கலாம்' என்பது அது. தமிழில் இவ்வளவு இனிமையான, இவ்வளவு விஷமமான வார்த்தை வேறொன்று இல்லை. ஆம் என்றும் அர்த்தமாகாது, இல்லை என்றும் அர்த்தமாகாது. கேட்டவன் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவான், சொன்னவர் மறந்துவிடுவார். லாரி வாடகைக்குப் பேச வேண்டும், கோணிக்குச் சொல்லி வைக்க வேண்டும், விலையை நிச்சயிக்க வேண்டும் என்று நிர்வாகி வந்து நின்றால், தலைவர் பார்க்கலாம் என்கிறார். இதற்குள் மழை வந்துவிடுகிறது. மறுத்துவிடுவதனால் மனஸ்தாபம் வருமே என்ற தாட்சண்யமே இதற்கு மூலம். 'முடியாது' என்று அன்றே சொல்லிவிட்டால் கேட்டவன் வேறு வழி பார்த்துக்கொள்வான்.

கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே எதிரில் நிற்பவருக்குத் தலையாட்டும் புதுப் பழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த வியாதி.

இனி, மிகவும் உத்தமர்களையே பிடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எல்லாப் பாரத்தையும் தாமே சுமப்பது. அர்பத்நாட் கம்பெனி விழுந்த அதே அக்டோபரில், அதற்கு ஆறு நாள் முன்பாக, 16-ந் தேதி, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பத்து லட்சம் ரூபாய் மூலதனம். பங்கு ஒன்று 25 ரூபாயாக நாற்பதினாயிரம் பங்குகள். பாண்டித்துரைத் தேவர் போன்ற பிரபுக்கள் ஆதரவளித்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் உத்தியோகப் பெயர் உதவிக் காரியதரிசி. ஆனால் பங்கு விற்க ஊர் ஊராய்ப் போனவர் அவர். கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் போனவர் அவர். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகு மேடை மேடையாக ஏறிப் பிரசாரம் செய்தவரும் அவரே. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச் 12-ந் தேதி பிள்ளையவர்களைச் சர்க்கார் கைது செய்தார்கள். செக்கிழுத்த வரலாறு குழந்தைகளுக்கும் தெரியும். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சுதேசிக் கப்பலைக் கொன்றது அடக்குமுறைதான். அதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பிள்ளையவர்களிடம் குறை காண்பது நம் நோக்கமும் அல்ல. சிறைக்குப் போன ஒருவரிடம், உமக்குப் பின் யார் என்று ஏன் ஏற்பாடு செய்யவில்லை என்று கேட்பது அக்கிரமம். அவரைச் சுற்றி இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒருவர் சுமக்கிறார் என்றதும் மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பது நம்மவர் வழக்கம். 'அவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்' என்பதைப் பக்தி என்று நினைக்கிறோம்.

பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிந்த தலைவர் ஒருவர் குஜராத்தில் இருந்தார். திரிபுவன்தாஸ் பட்டேல் என்பவர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற தேசபக்தர். 1946-இல் கேடா ஜில்லாப் பால்காரக் குடியானவர்கள், தங்கள் பாலை இடைக்காரர்களுக்கு விற்க மாட்டோம் என்று சர்தார் வல்லபபாய் பட்டேலின் யோசனைப்படி வேலை நிறுத்தம் செய்து, ஆனந்தில் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். பின்னால் 'அமுல்' என்று பெயர் பெற்றது அதுதான். திரிபுவன்தாஸ் அதன் தலைவர். 1949-இல் அங்கே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து, எப்போது இந்த ஊரைவிட்டு ஓடலாம் என்று காத்திருந்த வர்கீஸ் குரியன் என்ற இளம் என்ஜினீயரை அவர் கண்டுகொண்டார்; இருக்கச் சொல்லி வற்புறுத்தி, நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த பிறகு தினந்தோறும் அதில் கையை விட்டுக் கலக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்கள் சொல்வதைக் கேட்பது தம் வேலை, இயந்திரமும் கணக்கும் விற்பனையும் குரியன் வேலை என்று வைத்துக்கொண்டார். காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்புச் சத்தைப் பரிசோதித்து, அதற்கேற்ப விலை கொடுத்தார்கள். தலைவரின் உறவினர் கொண்டு வந்த பாலையும் அதே கருவிதான் சோதித்தது. குரியன் பெயர் உலகப் பிரசித்தியாயிற்று. திரிபுவன்தாஸின் பெயர் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

நெல்லிவாசல்நாட்டுக்கு வருவோம். இங்கே கம்பெனி ஒன்று தொடங்கினால் யார் டைரக்டர்களாவார்கள்? ஊர்ப் பெரியவர்கள்தான். அது இயற்கை, மலையில் ஊர் கூடிப் பேசித் தீர்க்கும் மரபு இன்னும் அற்றுப் போகவில்லை. ஆனால் பெரியவர் முன்னிலையில் இளையவன் எதிர்த்துப் பேசுவதில்லை. பெண்கள் வாயே திறப்பதில்லை. சாமையைப் பற்றி அதிகம் அறிந்தவர்களோ பெண்கள். புடைத்துப் பார்த்தவள், குத்திப் பார்த்தவள், எந்த மூட்டையில் ஈரம் இருக்கிறது, எதில் கல் இருக்கிறது என்று கையில் அள்ளியதும் சொல்லிவிடுவாள். அவள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லுகிறாள். புருஷன் யாரிடமும் சொல்லுவதில்லை.

தலைவரின் மைத்துனர் ஈரச் சாமையைக் கொண்டுவந்து இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை போடும் பையன் தயங்குகிறான். தலைவர், "போடப்பா, நம்ம மனுஷர்தானே" என்கிறார். அது ஒரு மூட்டை. ஆனால் நூறு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லோர் மூட்டையிலும் ஈரம் இருக்கும். இன்னொன்று: நூறு கிலோ சாமை நூறு கிலோ அரிசியாகாது. உமி போகும், தவிடு போகும், நொய் கழியும். புளியிலும் அப்படியே, கொட்டை எடுத்தால் எடை இறங்கும். இந்தக் கழிவு எவ்வளவு என்பதைப் பேரேட்டைப் பிரித்து எல்லோருக்கும் எதிரில் படித்துக் காட்டாவிட்டால், மிச்சத்தை யாரோ தின்றுவிட்டார்கள் என்ற பேச்சுக் கிளம்பும். தலைவர் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தாலும் அந்தப் பேச்சை அடக்க முடியாது. சந்தேகம் பிறந்த வீட்டார், மறுபடி முன்பணக்காரரிடம் போவார்கள். அவர் எப்போதும் தயாராக இருக்கிறார்.

தலைமை நிர்வாகியாகப் படித்த பிள்ளை ஒருவன் வருவான். மலைப் பிள்ளையாகவே இருந்தால் நல்லது. அவனைத் தேநீர் வாங்கி வர அனுப்பாமல் இருக்க வேண்டும். மண்டியில் விலை இறங்கிவிட்டது, சரக்கை இப்போதே தள்ளினால்தான் தப்பலாம் என்று அவன் வந்து சொல்லும்போது, "நேற்றுப் பிறந்த பயல்" என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டால், அதற்கப்புறம் அவன் நல்ல செய்தியை மட்டுமே கொண்டு வருவான். அவனுக்குச் சம்பளம் கொடுக்கச் சர்க்கார் அளிக்கும் உதவி மூன்று வருஷத்துக்குத்தான். நாலாவது வருஷம் கம்பெனி தன் சொந்த லாபத்திலிருந்து அவனுக்குப் படியளக்க வேண்டும். அப்போது அவன் இருப்பானா, ஓசூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவானா என்பது இந்த மூன்று வருஷப் பேச்சு வார்த்தையில் தீர்மானமாகிவிடும்.

ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் கூட்டம் தொடங்கியவுடன், தலைவர் பேசுவதற்கு முன்பாக, நாள்வழிக் கணக்கையும் இருப்பையும் உரக்கப் படிக்கச் செய்யலாம். படிப்பதற்கு ஆளில்லையே என்று சொல்ல முடியாது. நம் பள்ளிக்கூடங்களில் எட்டாவது படிக்கும் பெண்கள் கூட்டலும் கழித்தலும் பிசகாமல் படிப்பார்கள். படித்து முடிந்ததும் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த மாதம் எது கெட்டுப் போயிற்று?" முதல் கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்; இரண்டாவதிலும் சந்தேகந்தான். மூன்றாவது கூட்டத்தில் ஓரத்திலிருந்து ஒரு கிழவி, தராசு ஒரு பக்கம் சாய்கிறது என்று சொல்லக்கூடும். அவளுக்கு எதிரிலேயே படிக்கல்லை மாற்றி வைத்து அதே மூட்டையை மறுபடி நிறுத்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.